ராஜமேரி கொண்டுபோன தண்ணீர்

பென்னாகரத்துக்குக் கிழக்கே சவுரியப்பன் என்று ஒரு மனுஷன் இருந்தார். ஆடு மேய்த்தார், கேழ்வரகு விதைத்தார், ஐந்து பெண்களைப் பெற்றார். ஐந்தில் நடுவே பிறந்தவள் ராஜமேரி. நடுப்பிள்ளைக்கு மூத்ததின் செல்லமும் இல்லை, கடைசியின் சலுகையும் இல்லை. வேலை மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். அதனால் அவள் வாயால் அதிகம் பேசாமல் கையால் பேசப் பழகியவள். கோபம் என்றால் குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் தெரியும். பிரியம் என்றால் சோற்றில் தெரியும்.

அறுபத்தாறில் அவளை நல்லம்பள்ளிப் பக்கம் ஸ்தனிஸ்லாஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊரார் கேட்டபோது சவுரியப்பன் பெங்களூரில் ஓட்டல் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கே விளங்கவில்லை, பாவம். மாப்பிள்ளை பரிமாறுகிறவரும் இல்லை, கல்லாவில் உட்காருகிறவரும் இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் நின்று கிதார் வாசிக்கிறவர். மனுஷன் சோறு தின்கிற இடத்தில் வாத்தியம் எதற்கு என்று சவுரியப்பனின் பெண்டாட்டி கேட்டாள். நல்ல கேள்விதான்.

ஸ்தனிஸ்லாஸ் கிதார் கற்றது ஊர் மாதா கோயிலில். வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பாட்டுக் குழுவுக்கு ஒரு கிதாரை விட்டுவிட்டுப் போனார். பகலெல்லாம் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துவிட்டு, சாயங்காலம் அந்தக் கையோடு கம்பியைத் தடவித் தடவி அவனாகவே கற்றுக்கொண்டான். இருபத்திரண்டு வயதில் பெங்களூருக்குப் பஸ் ஏறினான். அங்கே டெரிக் என்கிற ஆங்கிலோ இந்தியப் பையன் ஒரு பேண்டு வைத்திருந்தான். ‘நைட் கூட்ஸ்’ என்று பெயர். அவர்கள் வாசித்தது ப்ளூஸ் ராக். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வதைபட்ட கறுப்பு ஜனங்களின் அழுகைப் பாட்டை எடுத்து, கரண்டில் மாட்டி, தலை அதிர வாசிப்பது. டெரிக் பாடுவான், ஸ்தனிஸ்லாஸின் கிதார் அதற்குப் பதில் சொல்லும். சைக்கிள் ஹேண்டில் பாரில் வெட்டிய ஒரு துண்டுக் குழாயை இடது கை விரலில் மாட்டிக் கம்பி மேல் இழுப்பான் பாருங்கள், ஒரு பொம்பளை வாய்விட்டு அழுகிற மாதிரியே இருக்கும். டெரிக்குக்கு அந்த இழுப்பின் மேல் அப்படியொரு மோகம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ராஜமேரி மாமியார் லூர்தம்மாளோடு ஊரில் இருந்தாள். அவன் பெங்களூரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் கிடந்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். பிலோமி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பன் வந்தால் அது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அடையாளம் தெரிந்து மடியில் ஏறுவதற்குள் அவன் பஸ் ஏறிவிடுவான். இதென்ன குடித்தனம், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ராஜமேரிக்கு வயிறு எரியும். அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வீடு. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுகிற ஒரு வீடு. அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு மேல் ஒரு குந்துமணி கேட்கவில்லை.

எழுபத்திரண்டில் அதற்கு ஒரு வழி பிறந்தது. நைட் கூட்ஸ் முன்பே இரண்டு பாட்டு வைத்து ஒரு சின்ன ரிக்கார்டு போட்டிருந்தார்கள். அது நன்றாகப் போகவே, ரிக்கார்டு கம்பெனிக்காரர் பத்துப் பாட்டு வைத்துப் பெரிய தட்டாகவே போடலாம் என்றார். பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகை முடிந்த கையோடு மெட்ராஸ் ஸ்டூடியோவில் மூன்று நாள். தட்டு வெளிவந்தால் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டல் அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தயார். குடும்பஸ்தனுக்கு ஓட்டலே பின்கட்டில் வீடு தரும். ஸ்தனிஸ்லாஸ் வந்து சொன்ன அன்று ராஜமேரி கோழி அடித்தாள்.

எல்லாம் சரி. கைதான் சரியில்லை.

இரண்டு வருஷமாகவே அவனுக்கு இடது முழங்கையில் ஒரு பிடிப்பு. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு கழுத்துக்கு ஏறி முதுகுக்கு இறங்கியது. கையை முழுக்க நீட்ட முடியவில்லை. மடக்கினால் பாதியில் நின்றது. முப்பது வயது ஆகாதவன் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினான். ஊரில் இது புதுசும் இல்லை. நாற்பது தாண்டிய ஆம்பிளைகள் பாதிப் பேர் குனிந்தே நடந்தார்கள். காட்டில் பாடுபட்ட உடம்பு அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். ஊர்க்காரர் எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடு இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். அதையும் யாரும் நோய் என்று நினைக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் கிதார்க்காரனாகப் போய்விட்டான், அவனுக்கு முழங்கைதான் சோறு. அதனால் அது நோயாயிற்று.

லூர்தம்மாள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெங்களூர்த் தண்ணீர் மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சொந்த ஊர்த் தண்ணீரை விட்டவனுக்கு உடம்பு எப்படி நிற்கும்? அவர்கள் ஊரில் பாறையை வெட்டி, வெடி வைத்துத் தோண்டிய ஆழக் கிணறு ஒன்று உண்டு. சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வற்றிய வருஷங்களிலும் அது வற்றவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி; சித்திரை வெயிலிலும் குடித்தால் பல் கூசும். வருகிறவர் போகிறவரெல்லாம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்து, தண்ணீரென்றால் இதுதான் தண்ணீர் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஊருக்கு வேறு பெருமை கிடையாது. அந்தக் கிணறுதான் பெருமை. லூர்தம்மாள் வாரா வாரம் மண்ணெண்ணெய் டின்னைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை நிரப்பி, பஸ் கண்டக்டரைத் தாஜா பண்ணிப் பெங்களூருக்கு அனுப்பினாள்.

அந்த வருஷம் விபூதித் திருநாளுக்கு ஸ்தனிஸ்லாஸ் ஊருக்கே வந்துவிட்டான். பாஸ்கு வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் முழுக்க இருந்து கையைச் சரிபண்ணிக்கொண்டு மெட்ராஸ் போவதாக ஏற்பாடு. வத்தல்மலை அடிவாரத்திலிருந்து தர்மன் வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். மூட்டில் பசை வற்றிப் போயிருக்கிறது, உடம்பில் சூடு ஏறியிருக்கிறது என்றார். தைலம் கொடுத்தார். தண்ணீர்தான் மருந்து, உங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி எங்கே கிடைக்கும், வெறும் வயிற்றில் ஒரு சொம்பு, அப்புறம் வாய் மூடாமல் குடிக்கட்டும் என்றார்.

அந்த வேலையை ராஜமேரி எடுத்துக்கொண்டாள். கோழி கூப்பிடுமுன் எழுந்து, கிணற்றில் முதல் குடம் அவள்தான் எடுப்பாள். அவன் கண் விழிக்கும்போது சொம்போடு நிற்பாள். வேண்டாம் என்பான், விடமாட்டாள். மத்தியானம், சாயங்காலம், படுக்கும்போது என்று குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி புகட்டினாள். புகட்டிவிட்டுத் தைலம் தேய்ப்பாள். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பாள். மனசுக்குள் அவள் அந்தப் பின்கட்டு வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

தவக்காலத்தில் அந்த ஊரில் வாத்தியம் கூடாது. கோயில் ஆர்மோனியத்துக்கே துணி போர்த்திவிடுவார்கள். ஆண்டவர் பாடுபடுகிற காலத்தில் கிதார் சத்தம் கேட்டால் லூர்தம்மாள் மகனென்றும் பார்க்கமாட்டாள். அதனால் ஸ்தனிஸ்லாஸ் கம்பிக்கு அடியில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, கிதாரை மடியில் படுக்கப் போட்டு, சத்தமே வராமல் பழகினான். மடியில் போட்டால் முழங்கைக்கு வலி குறைவு. பத்தாவது பாட்டு அவனே கட்டியது. அதைத்தான் அதிகம் பழகினான். ராஜமேரி எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கை மேலே போகும், நிற்கும், நடுங்கும், சறுக்கி இறங்கும். அதையே திரும்பச் செய்யும். மூன்றாம் தடவை வேறு பக்கம் போய்த் திரும்பும். பாட்டு காதுக்கு வரவில்லை, கண்ணுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் அடுப்படியில் அவளே வெறும் கையை அப்படி இழுத்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டாள்.

கை சரியாகிறதா? சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெரிய வெள்ளிக்கு அவனால் சிலுவைப்பாதையில் முழங்கால் போட முடியவில்லை. சூடு இறங்கும்போது அப்படித்தான் பிடிக்கும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். ராஜமேரி இன்னும் இரண்டு சொம்பு கூட்டினாள்.

மெட்ராஸுக்கு அவளும் கூடப் போனாள். ஒற்றடம் கொடுக்க ஆள் வேண்டுமே. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் தண்ணீர் டின். மெட்ராஸ் தண்ணீர் உப்பு, அதைக் குடித்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடும் என்று லூர்தம்மாள் கட்டாயமாகச் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டே போனாள். கீழே வைத்தால் யாராவது காலை நீட்டுவார்கள் என்று பயம்.

ஸ்டூடியோ என்பது அவள் நினைத்த மாதிரி இல்லை. ஜன்னலே இல்லாத ஒரு கூடம். சுவரெல்லாம் துணியும் அட்டையும். கண்ணாடிக்குப் பின்னால் ரிக்கார்டிங் செய்கிறவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருத்தர் தப்பு செய்தாலும் மறுபடி முதலிலிருந்து. மூன்று நாளுக்குள் முடியாவிட்டால் நாலாம் நாள் சினிமாக்காரர்கள் வந்துவிடுவார்கள். டெரிக் நல்லவன். அவளைச் சிஸ்டர் என்று கூப்பிட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தான். பாட்டுக்குப் பாட்டு பையன்கள் வியர்த்து வெளியே வந்தார்கள். அவள் எல்லாருக்கும் டின்னிலிருந்து ஒரு டம்ளர் கொடுத்தாள். இந்த மாதிரித் தண்ணீர் ஜென்மத்தில் குடித்ததில்லை என்று டிரம்ஸ்காரன் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் மூன்று பாட்டு ஆயிற்று. ஆனால் அதில் ஸ்தனிஸ்லாஸின் இழுப்பு பழையபடி இல்லை. இரண்டாம் நாள் காலை நாலாவது பாட்டின் நடுவில் கிதார் நின்றுவிட்டது. ராஜமேரி ஓடிப் போய்ப் பார்த்தாள். அவன் கிதாரை மாட்டியபடியே நின்றான். இடது கை பாதி மடிந்த நிலையில் பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிட்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. வலியில் உதடு வெளுத்திருந்தது.

டெரிக் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டி வந்தான். வயசானவர், நிதானமானவர். முழங்கையைத் தொட்டார், முதுகெலும்பை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். கை வலிக்கு வாயை எதற்குப் பார்க்கிறார் என்று ராஜமேரிக்குப் புரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். ஊரில் எல்லாருக்கும் இந்தப் பல்தானா என்று கேட்டார். குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்டார். பாறைக் கிணறு என்று அவள்தான் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆந்திராப் பக்கம் வேலை பார்த்தபோது ஊர் ஊராக இதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். சில ஊரில் பாறைக்குள் ஒரு விஷம் இருக்கிறது; தண்ணீரில் கலந்து வரும், ருசியில் தெரியாது, நிறத்தில் தெரியாது. முதலில் பல்லில் ஏறும், அப்புறம் எலும்பில் ஏறும். எலும்பு தடித்து மூட்டைப் பூட்டிவிடும்.

“மருந்துங்க?” என்றாள் ராஜமேரி.

“இதுக்கு மருந்து இல்லம்மா. பூட்டினது பூட்டினதுதான். அந்தத் தண்ணிய நிறுத்தினா இதுக்கு மேல ஏறாம இருக்கும். இவரு பெங்களூரிலேயே இருந்திருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் முத்தியிருக்காது. கடைசியா எப்ப ஊர்ல இருந்தாரு?”

விபூதித் திருநாளிலிருந்து ஊரில்தான் என்றாள். தவக்காலம் முழுக்க விடியாத முன் எழுந்து, அவன் வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் விடாமல், தன் கையாலேயே அல்லவா புகட்டினாள்! இரண்டு சொம்பு கூட்டினாளே, படுபாவி! யாரோ ஒரு எதிரி செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். தன் தலையில் தானே எப்படித் தூற்றிக்கொள்வது? டாக்டர் போன பிறகு அவள் வராந்தாவுக்கு வந்து பெஞ்சருகே நின்றாள். டிரம்ஸ்காரன் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். இல்லை என்றாள். டின் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் முகம் சுளித்துக்கொண்டு போனான். தவித்த வாய்க்குத் தண்ணீர் இல்லை என்று அவள் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை. டின்னைப் பெஞ்சுக்கு அடியில் கடைசிவரை தள்ளி மூடியை இறுக்கினாள்.

மத்தியானத்துக்குள் டெரிக் வேறு ஆளைக் கொண்டுவந்துவிட்டான். ராஜாமணி என்று பெயர். சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிற பையன். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகச் சொல்லிக் கொடுக்க, அவன் அண்ணே அண்ணே என்று கேட்டு அப்படியே வாசித்தான். முதல் நாள் எடுத்த மூன்றையும் மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. தன் பாட்டையெல்லாம் இன்னொருத்தன் கையில் கேட்டுக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டு ராஜமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தாவது பாட்டு பாக்கி. அது அவனுடையது. ராஜாமணி கிதாரை எடுத்தபோது ராஜமேரி உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்றாள். யாரையும் பார்க்காமல் டெரிக்கிடம் சொன்னாள்: “இத அவரு வாசிக்கட்டும். கைய நான் தாங்கிக்கறேன்.”

அதெப்படி முடியும் என்று டெரிக் கேட்டான். கை எங்கே போகும் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும் என்றாள். ஸ்தனிஸ்லாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு தடவை பார்க்கலாம் என்று டெரிக் ஒப்புக்கொண்டான்.

கிதாரை அவன் மடியில் படுக்கப் போட்டார்கள். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, பூட்டிக்கொண்ட முழங்கைக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தூக்கினாள். வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டு என்ன சத்தம் போடும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பார்த்துப் பழகிய அந்தக் கைக்கு இவ்வளவு அழுகை இருந்ததா என்று மனசு உருகிப் போயிற்று. ஆனாலும் தப்பவில்லை. அவன் தோளால் தள்ள, அவள் உள்ளங்கையால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, நடுங்கவிட்டு, இறக்கினாள். நாலு கையும் ஒரு கையாக வாசித்தது. ராஜாமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பாதியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிறுத்தச் சொன்னார்கள். வளையல் சத்தம். கிணுகிணு என்று மைக்கில் விழுகிறதாம். அவள் முந்தானையைக் கிழித்து வளையல்மேல் சுற்றிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி விழுந்தது. ஸ்தனிஸ்லாஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும், அதற்கு மேல் தோளும் வராது என்றான். வளையலைக் கழற்றிவிட்டு வாருங்களேன் சிஸ்டர் என்று டெரிக் சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கென்ன தெரியும்! கண்ணாடி வளையல் கல்யாணத்தில் கையில் ஏற்றுவது. புதுசு மாற்றினாலும் ஒரு ஜோடியாவது கையில் இருக்கும்போதுதான் மாற்றுவார்கள். கை வெறுமையாவது புருஷன் குழிக்குள் போகிற அன்றுதான். அதில் வேதக்காரரான கிறிஸ்தவருக்கும் மற்றவருக்கும் அந்தப் பக்கத்தில் வித்தியாசம் கிடையாது.

அவள் வெளியே குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு இழுத்ததில் சில வந்தன. மற்றவை பெங்களூரில் அவன் வாங்கித் தந்தவை, இறுக்கமானவை, வரவில்லை. குழாயடிக் கல்லில் கையை மோதி உடைத்தாள். சில்லு கிழித்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து மண்டியிட்டாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். “என்ன மேரி இது, நான் இன்னும் இருக்கறேனே.”

“வாசிங்க” என்றாள்.

அந்தத் தடவை ஒரு தப்பும் விழவில்லை. முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். பத்தாவது பாட்டாக அதுதான் தட்டில் ஏறியது. பிறகு மழைக்காலத்தில் தட்டு வெளிவந்து, ஒன்றை அவர்களுக்கும் அனுப்பினார்கள். அதைப் போட்டுக் கேட்கிற மிஷின் அந்த ஊரில் யாரிடமும் இல்லை.

மிச்சத்தை டெரிக் அன்றே சொல்லிவிட்டான். மறைத்துப் பேசத் தெரியாதவன். தட்டுக்கு ஒரு பாட்டு போதும், ஓட்டலுக்குத் தினமும் வாசிக்கிற கை வேண்டும். ராஜாமணி பெங்களூருக்கு வரச் சம்மதித்துவிட்டான். சொல்லி முடிப்பதற்குள் டெரிக்கே அழுதுவிட்டான். ஸ்தனிஸ்லாஸ்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பின்கட்டு வீடு அப்படிப் போயிற்று. ராஜமேரி துணிப்பையை எடுத்துக்கொண்டாள். டின்னை அங்கேயே விட்டுவிட்டாள்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு ஜோடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விடிந்தும் விடியாத நேரம், கடை திறக்கவில்லை. முதல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்ததில் அவனுக்கு இடுப்பு ஒடிந்து போயிருந்தது; நிற்கக்கூட முடியவில்லை. சரி, வீட்டில் பழசு கிடக்கிறது, மாமியார் பார்ப்பதற்குள் போட்டுக்கொள்ளலாம் என்று முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஊரில் பஸ் நிற்கிற இடம் கிணற்றடிக்கு எதிரே. காலை நேரம், தண்ணீருக்குக் கூட்டம். லூர்தம்மாள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். பிலோமி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்தனிஸ்லாஸால் மளமளவென்று இறங்க முடியாது. சீட்டைப் பிடித்து, கம்பியைப் பிடித்து, உடம்பை ஒவ்வொரு படியாகத்தான் இறக்க வேண்டும். அதற்குள் ராஜமேரி முன்னால் இறங்கி, கிளீனர் நீட்டிய கிதார்ப் பெட்டியை இரண்டு கையையும் தூக்கி வாங்கினாள். முந்தானை தோளுக்குச் சரிந்தது.

லூர்தம்மாள் கண்டது இதுதான்: மருமகள் தனியாக நிற்கிறாள், மகனுடைய கிதார் மட்டும் வந்திருக்கிறது, மருமகளின் இரண்டு மணிக்கட்டும் வெறுமை, அதில் வளையல் உடைத்த கீறல்.

கயிற்றை விட்டுவிட்டாள். குடம் கிணற்றுக்குள் விழுந்த சத்தமும் அவள் அலறலும் ஒன்றாகக் கேட்டன. “அய்யோ என் சாமீ, ஒன் முகத்தக்கூட எனக்குக் காட்டாம மண்ணுல போட்டாங்களா” என்று மார்பில் அடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடிப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், பார்த்தார்கள், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கைதான் சொல்லிவிட்டதே. குழந்தை எதற்கென்று தெரியாமல் வீறிட்டது. ராஜமேரி இல்லை இல்லை என்று கத்தினாள். புருஷனை இழந்தவள் அப்படித்தான் கத்துவாள் என்று அவளையும் இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் கடைசிப் படியிலிருந்து இறங்கி நிமிர முடியாமல் நின்றான். தன் சாவுக்கு அழுகிறார்கள் என்று அவனுக்குப் புரிய நேரமாயிற்று. “அம்மா” என்றான். கேட்கவில்லை. “அம்மா, நான் இங்கதான் இருக்கறேன்.”

அவனைப் பார்த்ததும் ஒப்பாரி அப்படியே நின்றது. லூர்தம்மாள் எழுந்து விழுந்தடித்து ஓடி, முகத்தைத் தடவினாள், தலையைத் தடவினாள், பூட்டிக்கிடந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை இல்லாவிட்டால் போகிறது சாமி, உயிர் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே அழுதாள். இவன் தொண்டை வறண்டு போயிருக்கும் என்று திடீரென்று நினைவு வந்து, யாருடைய குடத்திலிருந்தோ ஒரு சொம்பு மொண்டு வந்து அவன் வாயருகே நீட்டினாள்.

ராஜமேரி சொம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் புழுதியில் கொட்டியது.

புருஷனுக்குக் கொடுத்த தண்ணீரைத் தட்டிவிடுகிற பெண்டாட்டியைக் கிணற்றடியில் யாரும் பார்த்ததில்லை.

“அந்தத் தண்ணிதான் அத்த அவரு கைய முடக்குச்சு. டாக்டரு சொல்லிட்டாரு. நாமதான் ஊத்துனோம். நீங்களும் நானும்.”

லூர்தம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படவில்லை. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற இரக்கம்தான் முகத்தில் இருந்தது.

“நான் இத்தன வருசமாக் குடிக்கலியா? ஊரே குடிக்கலியா? வேற தண்ணிக்கு எங்க போறது சொல்லு” என்றாள். சொல்லும்போது அவளால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றாள்.

ராஜமேரி கூட்டத்தில் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அவரவர் கீழே போட்ட குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குத் திரும்பினார்கள். ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்தபடி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அன்று பகல் முழுக்க அவள் வீட்டில் யாருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. பக்கத்து ஊர்க் கிணறு வறண்டு கிடந்தது. ஏரியில் சேறுதான் இருந்தது. இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெயில் தாழ்கிறபோது பிலோமி வந்து தண்ணீர் கேட்டது. கொஞ்சம் பொறு கண்ணு என்றாள். அது மறுபடி கேட்டது. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ராஜமேரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறைக் கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் கொண்டுவந்து சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தது. குடித்து முடித்து இன்னும் வேண்டும் என்றது. அவள் ஊற்றினாள்.